‘எஸ்’ என்றதால் நின்றுபோன 47 நாள் கூலி
ஆங்கிலத்தில் இரண்டு ‘இல்லை’ சேர்ந்தால் என்ன ஆகும்?

நமது அந்தமான் பகுதி நிருபர்

ரெயில் ஓடாத தீவில் ரெயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பார்கள். வேலை இருக்கிறது. கப்பலிலோ விமானத்திலோ சென்னைக்குப் போய் இறங்குகிறவர், அங்கிருந்து பரமக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் ரெயில் ஏற வேண்டாமா? அவருக்கு இங்கேயே சீட்டுப் போட்டுக் கொடுக்கிறோம். 2024-ம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில்தான் இந்தப் பிழைப்பு. கவுன்டருக்கு வருகிறவர்கள் சீட்டோடு போவதில்லை. “தம்பி, இந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க” என்று ஒரு காகிதத்தையும் நீட்டுவார்கள்.

சென்ற ஆண்டு அப்படி நீட்டியவர் ஒரு கொத்தனார். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். தீவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஹிந்தி நாக்கில் ஏறவில்லை. ஒரு காண்டிராக்டரிடம் 47 நாள் வேலை செய்தார். கூலி வரவில்லை. ஒரு அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். அங்கே அச்சடித்த படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அதில் ஒரு கேள்வி: “ஹேவ் யூ நாட் பீன் பெய்ட்?” எதிரே “எஸ் / நோ”. அதன் கீழே பொடி எழுத்தில், “பொருந்தாததை அடித்துவிடவும்” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

அறையில் கூட இருந்த பையன் பத்தாவது படித்தவன். அண்ணனுக்குக் கேள்வியைத் தமிழில் சொன்னான்: “உங்களுக்குக் கூலி தரலையா?”

“ஆமா, தரலை” என்றார் கொத்தனார்.

ஆமாம் என்றால் எஸ். ஆகவே பையன் ‘நோ’வை அடித்துவிட்டு ‘எஸ்’ஸை நிறுத்தினான். கொத்தனார் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. கூலி பெற்றுக்கொண்டதாக மனுதாரரே எழுத்து மூலம் தெரிவித்திருப்பதால் மனு முடிக்கப்பட்டது! அந்தக் காகிதத்தைத்தான் என்னிடம் நீட்டினார்.

ஆமாமா, இல்லையா?

பையன் மேல் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் அவன் எண்ணியது சரி. ஆங்கிலத்தில்தான் அது தலைகீழ்.

நம் மொழியில் “வரவில்லையா?” என்று ஒருவர் கேட்டால், “ஆமாம், வரவில்லை” என்கிறோம். அந்த ‘ஆமாம்’ கேட்டவருக்குச் சொல்லும் ஆமாம். “நீங்கள் நினைத்தது சரி” என்று பொருள். “இல்லை, வரவில்லை” என்றும் நாம் சொல்வது உண்டு. எப்படிச் சொன்னாலும் பின்னால் வரும் ‘வரவில்லை’ காப்பாற்றிவிடும்.

வெள்ளைக்காரன் கணக்கு வேறு. அவனுடைய எஸ்ஸும் நோவும் கேட்டவரைப் பார்ப்பதில்லை. நடந்த காரியத்தைப் பார்க்கின்றன. காரியம் நடந்திருந்தால் எஸ். நடக்காவிட்டால் நோ. “வந்தாரா?” என்று கேட்டாலும் “வரவில்லையா?” என்று கேட்டாலும், வராதவருக்கு ‘நோ’ ஒன்றுதான் பதில். “கூலி தரவில்லையா?” என்ற ஆங்கிலக் கேள்விக்கு ‘எஸ்’ என்றால், “தந்தார்கள்” என்று ஆகிவிடுகிறது.

இதில் நாம் தனியாக இல்லை. ஜப்பான்காரர்களும் நம்மைப் போலத்தான் பதில் சொல்வார்கள். ஹிந்தியிலும் “ஹாங், நஹீங் மிலா” என்பது சரியான பேச்சே. அந்தப் படிவம் ஹிந்தியில் இருந்திருந்தால் கொத்தனாருக்கு இத்தனை தொல்லை இல்லை.

எனக்கே இதில் அடி விழுந்திருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு வெளிநாட்டு அம்மாள் கவுன்டருக்கு வந்தார். “யூ டோன்ட் வான்ட் ஏ.சி.?” என்று கேட்டேன். “நோ” என்றார். நான் நினைத்ததை மறுக்கிறார், ஏ.சி. வேண்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஏ.சி.யில் போட்டுவிட்டேன். தொகையைப் பார்த்து அவர் விழித்த விழிப்பு இன்னும் மறக்கவில்லை. அன்று முதல் கவுன்டரில் நான் யாரிடமும் ‘வேண்டாமா’ என்று கேட்பதில்லை. “வேண்டுமா?” என்றுதான் கேட்பேன்.

‘பொருந்தாததை அடிக்கவும்’ என்ற வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேள்விக்குள் ஒரு ‘இல்லை’. பதிலில் ஒரு ‘இல்லை’. அடிப்பது என்பதே இன்னொரு ‘இல்லை’. மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு கொத்தனார் தன் கூலியைக் கேட்க வேண்டும்! “கூலி கிடைத்ததா?” என்று கேட்டுவிட்டு எதிரே கொஞ்சம் வெற்றிடம் விட்டால் போதாதா?

யாரும் வராத கதை

முதல் மனு விழுந்ததும் பையன் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது மனு ஒன்றைச் சொந்த ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். தபாலில் சேர்க்குமுன் அதையும் காட்டினார்கள். நல்ல வேளை! அதில் முதல் வாக்கியமே, “நோபடி டிட் நாட் பே மீ” என்று இருந்தது.

“யாரும் எனக்குப் பணம் தரவில்லை” என்று எழுத நினைத்திருக்கிறான். ஆனால் பள்ளிக்கூட ஆங்கிலத்தின்படி அதன் பொருள், “எனக்குப் பணம் தராதவர் ஒருவரும் இல்லை.” அதாவது எல்லாரும் தந்துவிட்டார்கள்!

இந்தத் தவறு ஏன் வருகிறது? தமிழில் எதிர்மறை வினையில் உட்கார்ந்திருக்கிறது. ‘யாரும்’, ‘ஒன்றும்’, ‘எங்கும்’ என்பவை எதிர்மறைச் சொற்கள் அல்ல. “யாரும் வரலாம்” என்றும் சொல்கிறோம், “யாரும் வரவில்லை” என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எதிர்மறை பெயரிலேயே ஏறிக்கொள்ளும். ‘நோபடி’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது. ‘நத்திங்’, ‘நோவேர்’, ‘நெவர்’ எல்லாம் அதே ஜாதி. அங்கே ஏறிய பிறகு வினைக்கு இன்னொன்று வேண்டியதில்லை. “நோபடி பெய்ட் மீ” என்றால் முடிந்தது. வினையில்தான் ‘நாட்’ வைப்பேன் என்றால், பிறகு வரும் இடத்தில் ‘எனிபடி’, ‘எனிதிங்’ போட வேண்டும்: “ஐ டிட் நாட் கெட் எனிதிங்.”

‘அன்லெஸ்’ என்ற சொல்லில் விழாத தமிழன் குறைவு. “கூலி தராவிட்டால் வேலைக்கு வரமாட்டோம்” என்பதை, “அன்லெஸ் யூ டோன்ட் பே, வீ வில் நாட் ஒர்க்” என்று எழுதிவிடுகிறோம். ‘அன்லெஸ்’ஸே ‘-ஆவிட்டால்’ என்ற பொருளைச் சுமந்து வருகிறது. அதன் பின்னால் ஒரு ‘டோன்ட்’ போட்டால், “கூலி கொடுத்தால் வேலைக்கு வரமாட்டோம்” என்று ஆகும். முதலாளிக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா?

தீவுக்கே உரிய இன்னொரு தவறும் உண்டு. “கப்பல் வரும் வரை காத்திரு” என்பதில் தமிழில் எதிர்மறை கிடையாது. ஹிந்தியில் “ஜப் தக் ஜஹாஜ் நஹீங் ஆத்தா” என்று, ‘வராத வரை’ என்ற வழக்கு. இங்கே நாலு வருஷம் இருந்த நம் ஆட்கள் ஹிந்தியில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்: “வெயிட் அன்டில் த ஷிப் டஸ் நாட் கம்.” ஊரில் இருக்கும் வரை செய்யாத தவறு!

பாட்டும் பாதிரியாரும்

இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்று நமக்கும் வகுப்பில் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். “பணம் இல்லாமல் இல்லை” என்றால் இருக்கிறது. “அவனுக்குத் தெரியாதது அல்ல” என்றால் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் இது எப்போதும் சட்டமாக இருந்தது இல்லை.

14-ம் நூற்றாண்டில் எழுதிய கவிஞர் சாசர், கான்டர்பரி யாத்திரிகர்களைப் பற்றிய காவியத்தின் முகப்பில் ஒரு வீரனை வருணிக்கிறார். அவன் யாரையும் கடிந்து பேசாதவன் என்பதைச் சொல்ல ஒரே வாக்கியத்தில் நான்கு எதிர்மறைகளைப் போட்டிருக்கிறார். நான்கும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை. ஆணி மேல் ஆணி அடித்தது போல அழுத்தம்தான் கூடியது. ஷேக்ஸ்பியரிடமும் இப்படி உண்டு. ஸ்பானிஷ், ரஷ்ய மொழிகளில் இன்றைக்கும் அதுதான் முறை.

படித்தவர்கள் எழுத்தில் இந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்த காலத்தில், ராபர்ட் லவ்த் என்ற பாதிரியார் ஓர் இலக்கண நூல் எழுதினார். பின்னால் லண்டன் பிஷப் ஆனவர். 1762-ல் வெளிவந்த அந்த நூல் பல பதிப்புகள் கண்டது. இரண்டு எதிர்மறை ஒன்றை ஒன்று அழித்துவிடும் என்ற விதி, அவருக்கு முன்பே சிலர் சொன்னதுதான் என்றாலும், அவர் பெயரோடு பள்ளிக்கூடங்களில் நிலைத்துவிட்டது. அங்கிருந்து கப்பலேறி நம் பாடப்புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் லண்டன் தெருவிலும் அமெரிக்காவில் பல பகுதிகளிலும் சாதாரண ஜனங்கள் இன்றும் சாசர் வழியில்தான் பேசுகிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழுவின் புகழ் பெற்ற 1965-ம் ஆண்டுப் பாட்டின் பெயரிலேயே இரண்டு எதிர்மறை இருக்கிறது. அதைக் கேட்டு, “ஆகா, இவருக்குத் திருப்தி கிடைத்துவிட்டது” என்று எந்த ஆங்கிலேயனும் நினைத்தது இல்லை. பாட்டுக்காரன் செய்தால் நடை. கொத்தனார் செய்தால் மனு தள்ளுபடி.

கழித்தலும் கழித்தலும்

கவுன்டரில் ஒரு நாள் நடந்தது. டிக்கெட்டை ரத்து செய்யாமலே விட்டுவிட்டு, ரெயில் போன மறுநாள் பணம் கேட்டு வந்தார் ஒரு பெரியவர். 2015-ம் ஆண்டு விதியைக் காட்டினேன். உறுதியான டிக்கெட்டை, புறப்படும் நேரத்துக்கு 4 மணிக்கு முன்னால் ‘நாட் கேன்சல்ட்’ என்றால் ‘நோ ரீபண்ட்’ என்று அதில் இருந்தது. (மணிக்கணக்கு மாறக்கூடியது. பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

பெரியவர் கணக்கில் புலி. “ஒரு நாட், ஒரு நோ. மைனஸும் மைனஸும் ப்ளஸ். பணத்தை எடுங்க!” என்றார்.

வெட்டிக்கொள்ள வேண்டுமானால் இரண்டு எதிர்மறையும் ஒரே வினையைப் பற்றியவையாக இருக்க வேண்டும். ஒன்று ரத்து செய்யாததைப் பற்றி, மற்றொன்று பணம் தராததைப் பற்றி என்றால், அவை தனித்தனி வீட்டுக்காரர்கள். ஒருவர் வீட்டுக் கடனை மற்றவர் வீட்டு வரவில் கழிக்க முடியாது. பெரியவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நிபந்தனை சொல்லும்போது ஆங்கிலச் சட்டம் இப்படி இரண்டு எதிர்மறையை இணைத்துப் போடுவதை விரும்பும். ‘பெர்மிட் இல்லாமல் நுழையக் கூடாது’ என்றால், பெர்மிட் இருந்தால் நுழையலாம் என்பதுதான் உள்ளே இருக்கும் சேதி.

நம் தீவு வாழ்க்கையே இப்படி ஒரு வாக்கியத்தின் மேல்தான் இருக்கிறது. 1956-ம் ஆண்டு ஆதிவாசிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம், ‘ஆதிவாசிகள் தவிர’ மற்றவர்கள், ‘பாஸ் அன்றி’, ஒதுக்கப்பட்ட பகுதியில் நுழைவதைத் ‘தடை செய்ய’ வழி செய்கிறது. மூன்று வேலி. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதும், ஜாரவா காட்டு வழியே போகும்போது நிறுத்தாதே, படம் எடுக்காதே என்பதும் இதன் அடியில் வருபவை. இதைத் தப்பாகப் படித்தால் கூலி மட்டும் போகாது. ஆளே உள்ளே போக வேண்டியிருக்கும்.

இன்னும் பெரிய வாக்கியம் ஒன்று அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் இருக்கிறது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி, எவருடைய உயிரும் சுதந்திரமும் பறிக்கப்படலாகாது என்பது அதன் சாரம். ‘அன்றி’, ‘பறிக்க’, ‘ஆகாது’ என்று அதிலும் மூன்று. 1950-ல் சென்னை ராஜ்யத்தில் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சட்டம் என்று ஒன்று நிறைவேறி, அதில் ஒரு நடைமுறையும் இருந்தால் போதும் என்ற முறையில் கோர்ட்டு அன்று அந்த ‘அன்றி’யைப் படித்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு விதிவிலக்குச் சொல்லின் அளவைச் சரி பார்க்க 28 ஆண்டு!

பெரியவர்களும் தடுக்கி விழுந்த இடம்

படித்தவர்கள் தடுக்குவதில்லை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் வேசன், ரீச் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் 1979-ல் ஒரு வாக்கியத்தை ஆராய்ந்து எழுதினார்கள். “நோ ஹெட் இஞ்சுரி இஸ் டூ டிரிவியல் டு பி இக்னோர்ட்” என்பது அது. ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி வைக்கத் தக்கதுபோல் இருக்கிறது. ‘எவ்வளவு சிறிய தலைக்காயமானாலும் அலட்சியம் செய்யாதே’ என்றுதானே படுகிறது?

இதே அமைப்பில் வேறொன்றைப் பாருங்கள். ‘தடை செய்ய முடியாத அளவுக்குச் சிறியது என்று எந்த ஏவுகணையும் இல்லை’ என்றால், எவ்வளவு சிறியதானாலும் தடை செய் என்று பொருள். அப்படியானால் முதல் வாக்கியத்துக்கு? எவ்வளவு சிறிய காயமானாலும் அலட்சியம் செய்! பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. எதிர்மறைகள் அடுக்கடுக்காக வரும்போது மூளை கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, உலக நியாயத்தை வைத்து ஊகித்துக்கொள்கிறது.

ஆபீஸ் கடிதங்களில் வரும் ‘நாட் அன்ரீஸனபிள்’ போன்ற சொற்களுக்கும் எச்சரிக்கை வேண்டும். உங்கள் கோரிக்கை நியாயமற்றது அல்ல என்று பதில் வந்தால் உடனே இனிப்பு வாங்க வேண்டாம். நியாயம் என்று அவர் சொல்லவில்லை. அநியாயம் இல்லை என்றுதான் சொல்கிறார். நடுவே ஒரு கப்பல் போகும் அளவுக்கு இடம் இருக்கிறது. நம் பீகாரில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பழக்கத்தைக் கேலி செய்திருக்கிறார்.

இரண்டு எதிர்மறை உடன்பாடாகும் மொழி உண்டு. இரண்டு உடன்பாடு எதிர்மறையாகும் மொழி உண்டா? இல்லை என்று ஆஸ்டின் என்ற ஆங்கிலத் தத்துவப் பேராசிரியர் ஒரு கூட்டத்தில் சொன்னாராம். சபையில் இருந்த மார்கன்பெஸ்ஸர் என்ற அமெரிக்கர் அலட்சியமாக, “யா, யா” என்றாராம். கதையாகச் சொல்லி வருகிறார்கள். தமிழன் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. “காண்டிராக்டர் அடுத்த வாரம் கூலி தந்துவிடுவாராம்” என்றேன் கொத்தனாரிடம்.

“ஆமா, ஆமா! தருவாரு!” என்றார்.

மூன்றாவது மனு

நான் எழுதிய மனுவில் ஒரு ‘நாட்’டுக்கு மேல் ஒரு வாக்கியத்தில் வைக்கவில்லை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை 47 நாள் வேலை செய்தேன். கூலி எனக்குக் கிடைக்கவில்லை. படிவத்தில் ‘எஸ்’ என்று விட்டது, ‘கிடைக்கவில்லை என்பது சரி’ என்ற பொருளில். இவ்வளவுதான். கீழே தமிழிலும் அதையே எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னேன்.

மறுபடி கூப்பிட்டார்கள். காண்டிராக்டரின் ஆள் பழைய படிவத்தைக் காட்டி, “அவரே எஸ் என்று விட்டிருக்கிறாரே” என்று வாதாடினாராம். கூலிப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொன்னபோது 47 நாளுக்கும் கொத்தனாரின் கைநாட்டு இருந்திருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கு எதற்குக் கைநாட்டு என்று அதிகாரி கேட்டதும் பேச்சு நின்றுவிட்டதாம். இரண்டு தவணையாகப் பணம் வந்தது. கடைசி ஐந்து நாள் கூலிக்கு ஏதோ கணக்குச் சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு நான்காவது மனு எழுத அவருக்குப் பொறுமை இல்லை.

பொங்கலுக்கு முன்னால் கவுன்டருக்கு வந்தார். சென்னையில் இருந்து ராமநாதபுரத்துக்கு ஒரு சீட்டு. மும்முரத்தில் எனக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது.

“கீழ் பெர்த் வேண்டாமாண்ணே?” என்று கேட்டுவிட்டேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

“தம்பி, கீழ் பெர்த்துதான் வேணும். எழுதிக்குங்க.”